பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் என் காதில் உமு சங்காரே பாடிக்கொண்டு வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்காரர். 1968இல் பமாகோவில் பிறந்தவர். அம்மாவும் பாடகி. அப்பா குடும்பத்தை விட்டுப் போனபின், சிறுமியாக விசேஷ வீடுகளில் பாடித் தாய்க்குத் தோள் கொடுத்தார். பின்னாளில் பலதார மணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் எதிர்த்துப் பாடியே பெயர் பெற்றார்.

மாலியில் பாட்டுக்கென்றே ஒரு குடி உண்டு: ஜெலிகள். குலப்பெருமை பாடுவது அவர்களுக்குப் பிறப்பால் வந்த தொழில். உமு அந்தக் குடி அல்ல. அவருடையது தெற்கே வசுலு வட்டாரத்துப் பாட்டு. அங்கே பாடுவதற்குக் குலம் வேண்டாம், குரல் போதும். வேடர்களின் நரம்புக் கருவியிலிருந்து இளைஞர்கள் உருவாக்கிய காமலெங்கோனி அந்தக் குரலோடு துள்ளி வரும். பழைய பாட்டு நகரத்துக்கு வந்தும் கிராமத்தை விடாமல் இருப்பதால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஏரியில் படகுக்குக் கூட்டம். நான் சேர்வராயன் கோயில் பக்கம் நடந்தேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடிகள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு சிவந்த பழங்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்தான் பேசுவார்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

வயதான அம்மா ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஓய்ந்தபோது, என் காதில் இருப்பதைத் தனக்கும் போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

“ஒருத்தி கேக்குறா, மத்தவளுக பதில் சொல்றாளுக. நம்ம பாட்டுத்தான் கண்ணு.”

வசுலுப் பாட்டின் அமைப்பே அதுதான். பாஷை தெரியாமலே பிடித்துவிட்டார்.

அட்டப்பாடி நஞ்சியம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆடு மாடு மேய்த்த இருளர் பெண். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தம் மொழியில் தாமே கட்டிய பாட்டைப் பாடி, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று அப்போது எழுந்த பேச்சு இன்னும் என்னை உறுத்துகிறது. 1985இல் ‘ஆண்பாவம்’ வந்தபோது, வயற்காட்டில் பாடிப் பழகிய கொல்லங்குடி கருப்பாயியைத் தமிழ்நாடே கொண்டாடியது. எந்தப் பள்ளியில் படித்தார் என்று யாராவது கேட்டார்களா? நடவும் தாலாட்டும் ஒப்பாரியும் நடத்தாத எந்தப் பாடத்தைப் பள்ளி நடத்திவிடும்?

அந்த அம்மாவின் பாட்டைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். யார் பாடியது என்று குறித்துவைக்கப் பெயர் கேட்டபோது, செடிகளுக்கு நடுவே நின்றவர்களை ஒவ்வொருவராகக் காட்டினார்.

“என் பேரு மட்டும் எழுதாத. பதில் சொன்னவளுகளும் இருக்காளுக.”

எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டேன்.