கட்டியும் காந்தப் படமும்

உடலில் ஒரு கட்டி தோன்றிவிட்டால், அதைப் பற்றித் தீர்ப்புக் கூற நம்மவரிடையே ஆளுக்குப் பஞ்சமில்லை. சென்ற ஆண்டு நம் அன்னையாரின் வலத் தொடையில் ஒரு வீக்கம் தென்பட்டபோது, "வெறும் கொழுப்புக் கட்டிதான், விளக்கெண்ணெய் தடவி ஒற்றடம் கொடுங்கள்" என்றார் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி. இங்கே நாகபுரியில் நாம் முதலில் அணுகிய சிறு மருத்துவமனையிலோ, "அரை மணியில் அறுத்து எடுத்துவிடலாம்" என்றனர். வலி இல்லாததால் அன்னையாருக்கும் அதுவே உசிதமாகப்பட்டது.

நாம் இசையவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திச் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் மருத்துவம் அறிந்தோமில்லை. எனினும் வேறொரு மருத்துவர் கூறியது மனத்தில் நின்றது. இத்தகைய மென்திசுக் கட்டிகளில் புற்றாக இருப்பது ஏறக்குறைய நூற்றில் ஒன்றே. ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும், தசைக்குள் ஆழ்ந்திருப்பதையும், வளர்ந்துகொண்டே போவதையும் ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். வலியின்மை நற்சான்று ஆகாது. படம் எடுக்காமல் கத்தி வைத்து, அது புற்றாகவும் இருந்துவிட்டால், அதன் அணுக்கள் சுற்றிலும் சிந்திப் பின்னர்ச் செய்யும் சிகிச்சையைக் கடினமாக்கிவிடும்.

எம்.ஆர்.ஐ. என்னும் இப்படத்தில் எக்ஸ் கதிர் கிடையாது. வலிய காந்தத்தினுள் உடலைக் கிடத்தி, ரேடியோ அலைகளால் ஹைட்ரஜன் அணுக்கருக்களைத் தூண்டி, அவை தரும் மறுமொழியைப் படமாக்குகின்றனர். இதற்கு அடிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர். தூய கொழுப்புக் கட்டி எல்லாப் படங்களிலும் தோலடிக் கொழுப்பைப் போலவே தோன்றும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்தால் இரண்டும் ஒருசேர இருண்டுவிடும். உள்ளே தடித்த நார்ச்சுவரோ கொழுப்பல்லாத திரளோ இருந்தால்தான் கவலை. நீர்க்கட்டி போல வேடமிடும் புற்றும் உண்டு. காடோலினியம் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்திப் படம் எடுத்தால் அதன் சாயம் வெளுக்கும்.

அன்னையார் காந்தத்துக்கு அஞ்சவில்லை. திருமாங்கல்யத்தைக் கழற்றத்தான் மறுத்தார். தந்தையார் மஞ்சள் கயிறு ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவிட்ட பின்னரே அறைக்குள் சென்றார்.

கட்டி 11 சென்டிமீட்டர், பெரும்பகுதி கொழுப்பு, ஆயினும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சுவர்கள். சரக்கு அலுவலகத்தில் சீட்டைப் படித்தே வேகனுள் இருப்பதைச் சொல்லிவிடுவோம். ஐயம் வந்தால் முத்திரையை உடைத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. படமும் அத்தகைய சீட்டே. மும்பை சென்றோம். பின்னர் அறுக்கப்போகும் இடத்தின் வழியாகவே ஊசி செலுத்தி, சதைத் துணுக்கு எடுத்து ஆராய்ந்தனர். இரண்டுங்கெட்டான் வகை என்று தெரிந்தது: விட்டால் அதே இடத்தில் மீண்டும் வளரும், குணம் திரிந்தாலன்றி வேறு உறுப்புக்குப் பரவாது. முழுதாக அகற்றிவிட்டனர்.

இப்போது அன்னையார் நம் துணையின்றியே சந்தைக்குப் போய்வருகிறார். அடுத்த படம் தை மாதத்தில் எடுக்க வேண்டும். மஞ்சள் கயிறு இப்போதே வாங்கி வைத்திருக்கிறார்.