ஒரு மணித்தியாலத்தில் முடிந்த விசாரணை

துவக்குத் தூக்கியவர்களின் மரணத்தைப் போர்க்களத்தோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். சண்டை எதுவும் நடக்காத இடத்தில், பயிற்சிக் காலத்திலேயே முடிந்துபோன ஓர் இளம் உயிரைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பெயர் ஷெரில் ஜேம்ஸ். சொந்த ஊர் வேல்ஸ் நாட்டின் லாங்கோலன். பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்து, இங்கிலாந்தின் டீப்கட் முகாமில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். 1995 நவம்பர் 27ஆம் திகதி காலை, முகாமின் வாயில் ஒன்றில் துவக்குடன் தனியாகக் காவலுக்கு நின்றாள். பின்னர் அருகிலிருந்த மரங்களுக்கிடையே, தலையில் குண்டுக் காயத்துடன் இறந்து கிடந்தாள். வயது 18.

அடுத்த மாதமே மரண விசாரணை நடந்தது. எப்படி இறந்தாள் என்று முடிவு சொல்லாமல், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் அதை முடித்துவிட்டார்கள். 2002ஆம் ஆண்டுக்குள் அதே முகாமில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களால் இறந்த இளையோர் நால்வர்.

பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டு அலைவது எங்களுக்குப் புதிதல்ல. ஷெரிலின் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மனித உரிமை அமைப்பான லிபர்ட்டியின் உதவியுடன் பொலிஸாரிடமிருந்த ஆவணங்களைப் பெற்றார்கள். 2014இல் மேல் நீதிமன்றம் பழைய விசாரணை முடிவை இரத்துச் செய்தது. 2016இல் புதிய விசாரணை நடந்தது.

அவள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டாள் என்பதே அதன் தீர்ப்பு. எந்தப் பெற்றோருக்கும் தாங்கக் கடினமான முடிவு. என்றாலும் இருபது வருடங்களாக மூடிக்கிடந்தவை வெளியே வந்தன. பயிற்சி பெற்ற பிள்ளைகளைக் கவனிக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. மனக் கஷ்டத்தைச் சொல்ல அவர்களுக்கு ஆளில்லை. அதிகாரம் கையிலிருந்த சிலர் இளம் பெண்களிடம் முறைகேடாக நடந்த சூழலும் அங்கே இருந்தது. இராணுவம் மன்னிப்புக் கேட்டது.

ஒரு மணித்தியால விசாரணையோடு பெற்றோர் ஓய்ந்திருந்தால், இவை ஒன்றும் எழுத்தில் வந்திராது. கேட்பதால் உயிர் திரும்பாது. ஆனால், பின்னால் வரும் பிள்ளைகளுக்காவது அது காவலாகும்.

சீருடை போட்டாலும் 18 வயதுப் பிள்ளை, பிள்ளைதான். சகோதரிகளே, வேலைக்கும் விடுதிக்கும் பயிற்சிக்கும் எங்கள் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போகிறார்கள். தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிற்காமல், "அங்கே உன்னோடு மனம்விட்டுக் கதைக்க ஆர் இருக்கினம்?" என்றும் கேட்போம். ஒருவரும் இல்லை என்று சொன்னால், அதைச் சின்ன விடயமாக விட்டுவிடாதீர்கள்.