தன் குரலில் எழுதிய டொமினிக் ஜீவா

ஒருவர் எத்தொழிலைச் செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பை வைத்தே ஊர் தீர்மானித்த யாழ்ப்பாணத்தில், 1927இல் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்த டொமினிக் ஜீவா, சாதி இழிவினால் பள்ளிப்படிப்பை இடையிலேயே விட நேர்ந்தபோதும், தமது தொழிலை மறைக்காமலேயே எழுத்தாளராக எழுந்தார். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் மூண்ட மரபுப் போராட்டத்தில், அதாவது படைப்பிலக்கியத்தில் மக்களின் பேச்சுவழக்குக்கு இடமுண்டா என்ற விவாதத்தில், மரபுவாதிகள் அவரைப் போன்றோரின் பேச்சுவழக்கு எழுத்தை ‘இழிசனர் இலக்கியம்’ என ஒதுக்கினர். ஆயினும் அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது.

1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ மாத இதழ் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதியில் அவர் தொழில் செய்த சலூனிலிருந்தே வெளிவந்தது; ஈழத்துப் படைப்பாளிகளின் படங்களை அட்டையில் தாங்கி, சிங்களச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகளையும் வெளியிட்ட அவ்விதழை, கட்டாகக் கையிலெடுத்துத் தெருத்தெருவாக நடந்து அவரே விற்றார்.

ஊரின் அங்கீகாரத்துக்காகக் காத்திராமல் தமக்கும் பிறருக்குமான மேடையைத் தாமே அமைத்ததே, 2021இல் மறைந்த ஜீவாவின் தலையாய சாதனை. தம் குரலைத் தேடும் இளையோர் அவரிடம் முதலில் கற்க வேண்டியதும் அதுவே.