இறுகிய நட்டும் நான் வெட்டிய கூலியும்

கடலூரில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அலுவலக ஜீப்பின் ரிப்பேர் பில்கள் என் மேசைக்குத்தான் வரும். 1980-களில் வந்த ஒரு பில்லில், கேஸ்கெட் விலை, மாற்றும் கூலி இரண்டுக்கும் கீழே 'துருப்பிடித்த போல்ட் கழற்றிய கூலி ரூ.40' என்று தனியாக எழுதியிருந்தது. சிவப்பு மையால் அதை அடித்துவிட்டேன்.

மெக்கானிக் நேரில் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "சார், கேஸ்கெட் மாத்துறது ஒரு மணி நேர வேலைதான். அந்த போல்ட்டுங்களைக் கழட்டத்தான் ஒரு நாள் பூரா ஆச்சு" என்றார்.

"கழட்டாம எப்படிங்க மாத்த முடியும்? அது மாத்துற கூலியிலேயே அடக்கம்" என்றேன். அவர் மேற்கொண்டு பேசாமல் போய்விட்டார். என் சாமர்த்தியத்தை அன்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். இத்தாலி ஃபியட் 1100-இன் வழியில் வந்த, 1089 சிசி எஞ்சின் கொண்ட வண்டி. முதுநகரில் என் வீட்டுக்கு அடிக்கும் கடற்காற்று, கேட், ஜன்னல் கம்பி எதையும் விட்டுவைக்காது. காரை மட்டும் விடுமா?

ஒரு நாள் எஞ்சினிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். பத்மினி வேலை தெரிந்த ஒரு தம்பி சிதம்பரத்தில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். புகை வெளியேறும் மேனிஃபோல்ட் கேஸ்கெட் போய்விட்டது என்றார். அவர் சொன்ன கூலி, கேஸ்கெட் விலையைப் போலப் பல மடங்கு. பழைய குமாஸ்தா விழித்துக்கொண்டான். நாலு நட்டைக் கழற்ற இவ்வளவா? நாமே செய்வோம் என்று திரும்பிவிட்டேன்.

நண்பரிடம் ஸ்பேனர் செட் இரவல் வாங்கினேன். அவர் அம்பாசடர்காரர். அந்த வண்டி இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு, அதனால் அங்குலக் கணக்கு. ஃபியட்டோ மில்லிமீட்டர். 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ.; 14 மி.மீ. நட்டில் பொருந்துவது போலத்தான் இருக்கும். மீட்டர் பிறந்த நாட்டின் மொழியில் கணக்குப் படித்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை. இரண்டே இழுப்பில் நட்டின் முனைகள் மழுங்கின. விடவில்லை, பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தையும் காட்டினேன். ஸ்டட் 'படக்'கென்று முறிந்தது.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஊரெல்லாம் திரும்பிப் பார்க்க, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். தம்பி எட்டிப் பார்த்தார். "கோவப்பட்டா வராது சார்" என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்ததையெல்லாம் பார்த்தேன். மற்ற நட்டுகளுக்கு டீசல் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரவு முழுக்க ஊறவிட்டார். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரையில் அப்படி இறுகுகிறது. பிரெஞ்சில் இப்படி இறுகிப்போனதை 'கிரிப்பே' என்பார்கள். ஃப்ளூ காய்ச்சல் கண்டவனுக்கும் அதே சொல்தான். எண்ணெய், சூடு, ஓய்வு என்று வைத்தியமும் ஏறக்குறைய அதேதான்.

மறுநாள் ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் முடுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முடுக்கி வெளியே எடுத்தார். முறிந்த துண்டுக்கு, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, அதன் தலையில் புது நட்டு ஒன்றை வைத்து உள்ளே வெல்டிங் அடித்தார். ஹெட் அலுமினியம், அதில் அந்த வெல்டிங் ஒட்டாது. சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும் உலோகம் அது, பிடி தளரும். ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. முக்கால் மணி நேரம் கழித்து அந்தத் துண்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது.

கேஸ்கெட் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இனித் துருவில் ஒட்டாமல் இருக்கப் பித்தளை நட்டுகளைப் போட்டார். கேட்ட கூலியை எண்ணி வைத்தேன். முறிந்த ஸ்டட்டுக்கு அவர் தனியாக எதுவும் எழுதவில்லை. நானே சேர்த்துக் கொடுத்தேன். "எதுக்கு சார் இது?" என்றார். "போல்ட் கழட்டின கூலி தம்பி" என்றேன்.

திரும்பும் வழியில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான். விசாரித்ததில் அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறதாம். அந்த 40 ரூபாயை இனி யாரிடம் கொடுப்பது?

உங்கள் மெக்கானிக், "போல்ட் வரலை சார், நாளைக்கு வாங்க" என்றால் நம்புங்கள். பில்லைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.