வெளிச்சம் எதை எரிக்கிறது?

திங்கள்

டார்க் சோல்ஸை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். 2011-இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய வீடியோ கேம். இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. இந்த முறை ஜெயிக்கிற அவசரம் இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆட்டம் சொல்லாமல் விட்ட இடங்களுக்கு நானே முன்கதை புனைந்து, அது அந்த உலகத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கக் காட்சியிலேயே அஸ்திவாரம் இருக்கிறது. ஆதியில் சாம்பல்நிறப் பாறைகள், மூடுபனி, பெருமரங்கள், சாவில்லாத டிராகன்கள். பிறகு நெருப்பு வந்தது. வெப்பம், குளிர், உயிர், சாவு, ஒளி, இருள் என எல்லாம் இரண்டிரண்டாகப் பிரிந்தன. அந்த நெருப்பிலிருந்து நால்வர் ஆற்றல் பெற்றார்கள்: இறந்தோரில் முதல்வன் நீட்டோ, இசாலித்தின் சூனியக்காரி, சூரிய ஒளியின் தலைவன் க்வின், யார் கண்ணிலும் படாமல் நழுவிய ஒரு குள்ளன். குள்ளனுக்குக் கிடைத்தது இருண்ட ஆன்மா. மனிதர்கள் அவன் வழி வந்தவர்கள்.

ஆக, இந்த உலகத்தில் ஒளியும் இருளும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. முன்கதை எழுதுகிற பலர் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. ஒளி நல்லவர் கட்சி, இருள் வில்லன் கட்சி என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம். கதைக்கு வேலை இல்லை.

செவ்வாய்

ஆட்டத்தில் நாம் இளைப்பாறும் இடம் தீமூட்டம். அங்கே உட்கார்ந்தால் காயம் ஆற்றும் எஸ்டஸ் குடுவை 5 முறை குடிக்கும் அளவுக்கு நிரம்பும். கையிலிருக்கும் ‘ஹ்யூமானிட்டி’ ஒன்றை நெருப்புக்குக் கொடுத்தால் தீ பெரிதாகும். குடுவை 10 முறைக்கு வரும். அந்த ஹ்யூமானிட்டி எப்படி இருக்கிறது? வெள்ளை விளிம்பு கட்டிய கருப்பு உருவம்.

அதாவது, இருண்ட பொருளைத் தின்றுதான் இங்கே வெளிச்சம் வளர்கிறது. எந்தப் பாத்திரமும் இதை நமக்கு விளக்குவதில்லை. பொத்தானை அமுக்கி அந்தக் காரியத்தை நாமே செய்கிறோம்.

க்வின் கதையும் இதேதான். அணையப்போகும் நெருப்பைக் காப்பாற்றத் தன்னையே விறகாக்கினான். கூடப்போன வெள்ளி வீரர்களும் அதில் வெந்து, கரிய கவசத்தோடு உலகமெங்கும் அலைகிறார்கள். நோட்டில் ஒரு கேள்வியைப் பெரிதாக எழுதி வைத்தேன்: ‘இந்த வெளிச்சம் எதை எரிக்கிறது?’ இனி எது புனைந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புதன்

தேவர்களின் நகரமான அனோர் லோண்டோவுக்கு வந்தாயிற்று. மாலைச் சூரியன், பொன் பூசிய மதில்கள். அரண்மனை உள்ளறையில் இளவரசி க்வினவீர். அவள்மீது ஒரு அம்பு விட்டால் போதும், அவள் மறைவாள்; சூரியனும் மறையும். நகரம் இருட்டிக் கிடக்கும். இரண்டுமே க்வினின் கடைசிப் பிள்ளை க்வின்டோலின் காட்டிய மாயத்தோற்றம்.

இங்கே ஒரு முன்கதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன்: சூரியன் பொய் என்று முதலில் கண்டுபிடித்த ஒரு காவல் வீரன். எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். அந்த ரகசியத்தை ஆடுபவர் தன் அம்பால் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒருவனை முன்னால் அனுப்பினால் ஆடுபவரின் பங்கைத் திருடியவன் ஆவேன்.

வியாழன்

ராட்சதர்களின் கல்லறை. கும்மிருட்டு. மண்டையோட்டு விளக்கைப் பிடித்தால் நாலடிக்கு வழி தெரியும். ஆனால் அது ஒரு கையை எடுத்துக்கொள்ளும். அக்கா மகன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, விளக்கப் பிடிச்சா கேடயம் பிடிக்க முடியாதா?”

“முடியாதுடா. அந்தக் கைலதான விளக்கு.”

“அப்ப இருட்டே தேவல.”

இருளைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்தப் பையனுக்கு இவ்வளவு சீக்கிரம் புரிய வைத்திருக்க முடியாது. கைக்குச் சேதமில்லாத வழியும் உண்டு: தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒளிப்புழு. தனக்கென ஒரு சூரியனைத் தேடி அலையும் சோலேர் என்ற வீரன், நாம் தடுக்காவிட்டால், புத்தி பேதலித்து அந்தப் புழுவையே தன் சூரியன் என்று கொண்டாடுவான்.

வெள்ளி

நியூ லோண்டோ. இருளுக்கு அடிமையான நான்கு அரசர்களை அடைத்துவைக்க, ஊரையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். காவலுக்கு எஞ்சியிருப்பவர் இங்வார்ட் மட்டும். அவர் தரும் சாவியால் மதகைத் திறந்தால் நீர் வடிகிறது. அடியில் குவியல் குவியலாகப் பிணங்கள்.

இங்கேதான் என் புனைவுக்கு இடம் கிடைத்தது. அந்தக் குவியலில் ஒரு பொருளை வைத்தேன். பெயர்: நனைந்த திரி. விவரம்: ‘நியூ லோண்டோவில் வீட்டுக்கொரு விளக்கு எரிந்தது. வெள்ளம் ஏறிய இரவில் விளக்குகளை அணைக்கச் சொல்லி யாரும் வரவில்லை.’

இரண்டே வாக்கியம். இறந்தவர்கள் இருளின் பக்கம் சாய்ந்தவர்கள் இல்லை, விளக்கேற்றி வாழ்ந்த குடும்பங்கள் என்பது தெரிகிறது. அவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னார்களா என்ற சந்தேகம் எழுகிறது. உத்தரவிட்டவர் யார் என்பதை எழுதவில்லை. என் கேள்விக்கும் பதில் இருக்கிறது: தேவர்களின் வெளிச்சம் இங்கே ஒரு ஊரை எரித்திருக்கிறது, தண்ணீரால்.

சனி

சிறுவயதில் படித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் பாதி புரியாமல், புரியாத பகுதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக மியாசாகி பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆட்டத்தில் வாள், மோதிரம், கவசம் என ஒவ்வொன்றின் விவரத்திலும் கதைத்துண்டு கிடப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் பங்கீ நிறுவனத்தின் டெஸ்டினி. 2014-இல் வந்தபோது ஒளி, இருள் பற்றிய செறிவான புராணம் அதற்கு இருந்தது. ஆனால் அந்தப் புராணத்தைச் சொன்ன கிரிமோர் அட்டைகளை ஆட்டத்துக்குள் படிக்க முடியவில்லை. இணையத்துக்கோ செயலிக்கோ போக வேண்டியிருந்தது. 2020-இல் டெஸ்டினி 2-இன் விரிவாக்கமான பியாண்ட் லைட் வந்து, ஒளியின் காவலர் கையிலேயே இருளின் ஆற்றலைக் கொடுத்த பிறகுதான் அந்தப் புராணம் விரல்களுக்கு இறங்கியது.

ஞாயிறு

கடைசி அறை. க்வினை வீழ்த்தியாயிற்று. நெருப்பை ஏற்றினால் நாம் எரிவோம். திரும்பி நடந்தால் இருளின் யுகம். இரண்டில் எது சரி என்று ஆட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் திரும்பி நடந்தேன்.

ஒளி-இருள் புராணம் எழுத உட்காரும் நண்பர்களுக்கு: தேவர்களின் வம்சாவளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வெளிச்சத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த விலையில் ஒரு பங்கை ஆடுபவரின் கையிலிருந்தும் வாங்குங்கள். மிச்சத்தை ஒரு பொருளின் விவரத்தில் இரண்டு வரியாக எழுதி, நிறுத்திக்கொள்ளுங்கள்.