மண்ணா, மாவா?

ரோட்டவேட்டர் என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் எழுதி, வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். நம் விகடகவி மாதிரி அதேதான் வரும். 1912ல் ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்கிற இளைஞர் அப்பாவின் பண்ணையில் இதற்கான சோதனைகளை ஆரம்பித்தார். கலப்பையால் உழும்போது மண் இறுகிப் போகிறதே என்பது அவர் கவலை. சுழலும் கத்திகள் அப்படி இறுக்கவில்லை.

அதன் பேரப்பிள்ளைதான் இப்போது நம் தோட்டங்களுக்கு வந்திருக்கும் மினி டில்லர். அரை நாள் மண்வெட்டி வேலையை அரை மணியில் முடிக்கிறது. எனக்கும் பிடிக்கிறது. ரொம்பப் பிடித்துப்போனால்தான் வம்பு.

ரிடையரான என் சித்தப்பா வாங்கிய புதிதில் ஞாயிறு தவறாமல் ஓட்டினார். "பாத்தியாடா, திருநீறு மாதிரி இருக்கு!" என்று பெருமை வேறு. ஒரு மழை பெய்தது. திருநீறு குழைந்து, காய்ந்து, மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டிவிட்டது. வெண்டை விதை முளைத்தும் முட்டி வெளியே வர முடியவில்லை. மண்ணுக்குத் தேவை பொடி இல்லை சார், உதிரி உதிரியான சிறு கட்டிகள். அவற்றின் இடுக்குகளில்தான் காற்றும் தண்ணீரும் போகும். மண்புழு போட்ட வழியும் அங்கேதான். வாராவாரம் அரைத்தால் எதுவும் மிஞ்சாது.

கோரை இன்னும் மோசம். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நுனிக் கிழங்கு முளைத்தால் மற்றவை அடங்கிக் கிடக்கும், பழைய கூட்டுக் குடும்பம் மாதிரி. கத்தி சங்கிலியை வெட்டியதும் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம்! ஒரு கோரை பத்தாகும். அறுகும் அப்படித்தான், துண்டுக்கு ஒரு செடி.

வாங்கியே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண்ணாக ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கத்தி அடிமண்ணைப் பூசி மெழுகிவிடும், தண்ணீர் இறங்காது. விதைப்புக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, தொழு உரத்தைக் கலக்கிற ஆழத்துக்கு ஓட்டினால் போதும். பிறகு சருகு மூடாக்கு. வள்ளுவரே ஏரைவிட எருவுக்குத்தான் அதிக மார்க் போட்டிருக்கிறார். கத்தியில் கொடி சிக்கினால் இன்ஜினை நிறுத்திவிட்டு மட்டும் கை வையுங்கள்.

சித்தப்பா இப்போது பட்டத்துக்கு ஒரு தடவைதான் வண்டியை எடுக்கிறார். கோரையைக் கடப்பாரையால் நெம்பி, சங்கிலி அறாமல் கையால் எடுக்கிறார். போன வாரம் ஒரே இடத்தில் பதினேழு கிழங்கு. எண்ணிக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுத்தார்.