ச்சுவான்ஜோவுல பஸ் பிடிச்சு ஆனைக்கா பார்த்த கதை

"இந்த தீபாவளிக்கும் வரலையா?"ன்னு அம்மா போன்ல கேட்டப்போ எனக்குப் பதில் வரலை. 2024 தீபாவளி. அலுவலக வேலையா நான் சீனாவுல ஷியாமென் போகணும். புனேவுல பொண்ணுக்கு ஸ்கூல் லீவு. 'நாங்களும் வர்றோம்'னு தங்கமணி ஒரே பிடியா நின்னுட்டாங்க. அம்மா திருவானைக்காவல்ல தனியா வெடிச்சத்தம் கேட்டுக்கிட்டு இருக்க, நாங்க மூணு பேரும் சிங்கப்பூர் வழியா சுத்திப் போய்ச் சேர்ந்தோம். (2020-ல நின்ன நேரடி விமானம் 2025 அக்டோபர்லதான் மறுபடி பறக்க ஆரம்பிச்சது. அப்போ சுத்தித்தான் ஆகணும்.)

வேலை முடிஞ்சு கையில ரெண்டு நாள் மிச்சம். ஷியாமென்ல இருந்து வேக ரயில்ல அரை மணி நேரம் போனா ச்சுவான்ஜோ. எழுதவே கஷ்டமான பெயர், வாயில நுழையறது அதைவிடக் கஷ்டம். அந்தக் காலத்து வணிகர்கள் 'சைத்தூன்'னு சொன்ன துறைமுகம் இதுதான். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வியந்து எழுதின ஊர். 2021-ல யுனெஸ்கோ இங்க இருக்கிற 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டுச்சு. என்னை இழுத்தது அதெல்லாம் இல்லை. இந்த ஊர்ல ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைச்சதுன்னு காலேஜ் படிக்கும்போது எங்கேயோ வாசிச்சது. அது அப்படியே மனசுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஷியாமென்ல கூட வேலை பார்க்கிறவர் ஒரு வழிகாட்டிப் பெண்ணை ஏற்பாடு பண்ணித் தந்தார். சொந்த ஊரே ச்சுவான்ஜோ. இருபத்தஞ்சு வயசு இருக்கும். நிறுத்தி நிதானமா இங்கிலீஷ் பேசுவாங்க. 'கார் வேணுமா?'ன்னு நான் கேட்டதும், 'வேண்டாம், பழைய ஊர்ல கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போயிடும். பஸ்ல போகலாம்'னுட்டாங்க. தங்கமணி முகம் கொஞ்சம் சுருங்குச்சு. புனே பஸ்ல தொங்கிப் பழகினவங்களுக்கு அந்த பயம் இருக்கத்தானே செய்யும் :-)

பயந்த மாதிரி எதுவும் இல்லை. முன்பக்கம் ஏறணும், நடுக்கதவுல இறங்கணும். ஏறும்போதே போன்ல இருக்கிற கட்டம்போட்ட கோடை மெஷின்ல காட்டினா ஒரு 'டிங்'. யூபிஐ பழக்கம் இருக்கிற நமக்கு இதெல்லாம் ஜுஜுபி. நம்ம கார்டை அலிபேல இணைச்சு வச்சுட்டா போதும். சில்லறையாப் போடவும் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருக்கு, ஆனா மீதி தர ஆள் கிடையாது. பழைய ஊருக்குள்ள ஓடுறதுக்குன்னே சின்னச் சின்ன வெள்ளை மின்சார வண்டிங்க. நம்ம ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் முறை. சந்து பொந்தெல்லாம் புகுந்து போகுது.

அந்த வண்டியிலதான் ஒரு பாட்டி பேரனோட ஏறினாங்க. பொண்ணைப் பார்த்து ஏதோ கேட்டாங்க. வழிகாட்டி 'யிந்து'ன்னு சொன்னது மட்டும் புரிஞ்சது, அதாவது இந்தியா. பாட்டி பேரனைக் கூப்பிட்டு எங்களைக் காட்டி என்னமோ சொல்ல, அவன் வேற மாதிரி ஒரு பாஷையில பதில் சொன்னான். எங்களுக்கே வித்தியாசம் தெரிஞ்சது.

'பாட்டி பேசினது மின்னான், இந்த ஊர்ப் பேச்சு. பையன் பேசினது ஸ்கூல்ல சொல்லித்தர்ற பொதுச் சீனம். எங்க வீட்லயும் இதேதான். என் பாட்டி சொல்றது எனக்குப் புரியும். என் அக்கா பையனுக்குப் பாதிதான் புரியும்'னு சொல்லிட்டு சிரிச்சாங்க.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். என் பொண்ணுக்கு அப்போ பன்னண்டு வயசு. இங்கிலீஷ், ஹிந்தி, மராட்டி மூணும் சரளமா வாசிப்பா. தமிழ் பேசுவா, அதுவும் நடு நடுவுல ஹிந்தி போட்டு. எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. 'அடுத்த லீவுல சொல்லித் தர்றேன்'னு நான் சொல்ல ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு.

முதல்ல போனது கைய்யுவான் கோயில். 686-ல ஆரம்பிச்ச புத்தர் கோயில். மல்பெரி மரத்துல தாமரை பூத்ததாலதான் இங்க கோயில் வந்துச்சுன்னு ஐதீகம். முன்னாடி பெரிய முற்றம், ரெண்டு பக்கமும் அஞ்சடுக்குக் கல் கோபுரங்கள். முழுக்கக் கல்லாலயே 13-ஆம் நூற்றாண்டுல கட்டினது. நாற்பது மீட்டருக்கு மேல உயரம். கும்பிட்டு முடிச்சதும் வழிகாட்டி எங்களைப் பெரிய மண்டபத்தோட பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பெரும்பாலான கூட்டம் முன்னாடியே திரும்பிடுது.

பின் தாழ்வாரத்துல ரெண்டு கல் தூண். மத்த தூணெல்லாம் ஒரு ஜாதி, இது ரெண்டும் வேற ஜாதின்னு பார்த்த உடனே தெரியுது. பதினாறு பட்டை, நடு நடுவுல சதுரம், சதுரத்துக்குள்ள வட்டம், வட்டத்துக்குள்ள சிற்பம். நம்ம ஊர் மண்டபத் தூண் மாதிரியே இருக்குன்னு தங்கமணிதான் முதல்ல சொன்னாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா ரெண்டு மரத்துக்கு நடுவுல குட்டிக் கண்ணன்! உரலை இழுத்துக்கிட்டு மருத மரத்தைச் சாய்ச்ச கதை. இன்னொண்ணுல கஜேந்திரனைக் காப்பாத்த வர்ற பெருமாள். கண்ணனைப் பொண்ணே கண்டுபிடிச்சுட்டா. எனக்குத் தொண்டையை அடைச்சது.

'இதை யார் செஞ்சது?'ன்னு கேட்டா. இங்க வந்து தங்கின தமிழ் வணிகர்கள் கட்டின கோயிலோட தூண்னு சொன்னேன். 'அந்தக் கோயில் எங்கே?'ன்னா. அதுக்கு வழிகாட்டிதான் பதில் சொன்னாங்க.

மங்கோலியர் ஆட்சி முடியற காலத்துல, 1357-ல இருந்து 1366 வரைக்கும், இந்த ஊர்ல பெரிய கலகம். வெளிநாட்டு வணிகர்கள் பலர் செத்தாங்க, மிச்சம் பேர் சிதறிப் போனாங்க. தமிழ்க் கோயிலும் போச்சு. கல் மட்டும் வீணாப் போகலை. ரெண்டு தூணை மிங் காலத்துல இந்த மண்டபத்தைப் புதுப்பிச்சப்போ கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. மண்டபத்து மேடையைச் சுத்தி இருக்கிற சிங்க முகச் சிற்பங்களும் அங்கிருந்து வந்ததுதான். மத்த கல்லெல்லாம் ஊர் மதில்லயும் வேற கட்டடங்கள்லயும் போச்சு. இருபதாம் நூற்றாண்டுல மதிலை இடிச்சப்போ ஒவ்வொண்ணா வெளியில வந்துச்சு. வூ வென்லியாங்னு ஒரு பள்ளி ஆசிரியர், உயிரியல் வாத்தியார், இந்தக் கல்லையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து 1957-ல புத்தகமாவே போட்டார். அவர் இல்லைன்னா பாதிக் கல் யார் வீட்டுக்காவது அஸ்திவாரமாப் போயிருக்கும்.

அதே கோயில் வளாகத்துல 1974-ல தோண்டியெடுத்த ஒரு பழைய மரக்கப்பலையும் வச்சிருக்காங்க. அடிப்பாகம் மட்டும்தான் மிச்சம், அதுவே 24 மீட்டர் நீளம். உள்ளே தடுப்பு தடுப்பா 13 அறை. ஒரு அறையில ஓட்டை விழுந்தாலும் மத்த அறையில தண்ணி ஏறாது. உள்ளே கிடைச்ச சரக்குல வாசனைக் கட்டை, சாம்பிராணி, அப்புறம் நம்ம மிளகு! இந்த மாதிரிக் கப்பல்ல மாசக்கணக்கா உட்கார்ந்து வந்து, இங்கேயே வீடு பிடிச்சு, கோயிலும் கட்டியிருக்காங்க. நாம புனேவுக்கு ரயிலேறி வந்துட்டு 'ஊரை விட்டு வந்துட்டோம்'னு புலம்பறோம்.

மத்தியானச் சாப்பாடு சைவக்காரங்களுக்குக் கஷ்டம்தான். கடலோர ஊர், எதை எடுத்தாலும் சிப்பி, மீன். காய்கறியைச் சுருட்டித் தர்ற ஒரு மெல்லிசு ரொட்டியைக் கறி இல்லாமப் போடச் சொல்லி வாங்கித் தந்தாங்க. அப்புறம் கடற்பாசி ஜெல்லியில தேன் ஊத்தி ஒரு கிண்ணம். மதுரைக்காரங்க தங்கமணி ஒரு வாய் வச்சுட்டு, 'பால் ஊத்தாத ஜிகர்தண்டா'ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. ரெண்டாவது கிண்ணமும் அவங்களுக்குத்தான்.

வழியில 1009-ல கட்டின மசூதி, கொஞ்சம் தள்ளி குவான் யூ கோயில். ஒரே தெருவுல பத்தி வாசனையும் தொழுகை இடமும். அதையெல்லாம் பார்த்துட்டு, மறுபடி பஸ் பிடிச்சு கடல்சார் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே கல்லுகளோட கூடத்துல அரபி, சிரியாக் எழுத்துன்னு வெளிநாட்டு வணிகர்களோட கல்லறைக் கற்கள் வரிசை வரிசையா இருக்கு. நம்ம கோயிலோட துண்டுகளும் இருக்கு. இரணியனைக் கிழிக்கிற நரசிம்மர். பக்கத்துல ஒரு யானை, எதிரே சிவலிங்கம். யானை தும்பிக்கையை நீட்டிப் பூசை பண்ணுது.

நான் பிறந்து வளர்ந்தது ஆனைக்கா நாலாம் பிராகாரத்துக்குப் பக்கத்துல. சின்ன வயசுல தினமும் கேட்ட கதை, இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி கண்ணாடி விளக்குக்குக் கீழே இருக்கு. பேச்சே வரலை. பொண்ணு ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, 'அப்பா, சிலந்தி எங்கே?'ன்னா.

அவளுக்கு அந்தக் கதையை நான் சொன்னதே இல்லை. பாட்டி சொல்லியிருக்காங்க, லீவுக்குப் போனப்போ.

அப்போதான் வழிகாட்டி தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாங்க. 1956-ல இந்த ஊர்ல கிடைச்ச தமிழ்க் கல்வெட்டு. 'நான் எத்தனையோ பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். இதைச் சத்தமா வாசிச்சு ஒருத்தரும் எனக்குக் காட்டினது இல்லை. நீங்க வாசிப்பீங்களா?'

வியர்த்துடுச்சு. 1281-ஆம் வருஷத்து எழுத்து. புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கிடையாது, ஊடால கிரந்தம். படத்தைப் பெரிசு பண்ணிப் பண்ணி எழுத்துக் கூட்டினேன். 'சித்திரை'... 'நாயனார்'... 'சம்பந்தப் பெருமாள்'... ரெண்டாம் வகுப்புப் பையன் மாதிரிதான். விஷயம் இதுதான்: சம்பந்தப் பெருமாள்ங்கிறவர் செகசைக்கானோட நலத்துக்காக, அந்தக் கானோட உத்தரவுப்படி, இங்க சிவனை எழுந்தருளப் பண்ணியிருக்கார். கடைசி வரி சீனம். அதுல ரெண்டு எழுத்துதான் தெரியுதுன்னு வழிகாட்டியும் கையை விரிச்சாங்க.

'பர்மான்'னு ஒரு வார்த்தையில நான் தடுக்கி நின்னேன். தமிழ் மாதிரித் தெரியலை. ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

'ஃபர்மான்ப்பா! ராஜா போடுற ஆர்டர். எங்க ஹிஸ்டரி புக்ல முகலாயர் பாடத்துல வருது'ன்னா பொண்ணு.

அதேதான். பாரசீக வார்த்தை. சீனாவுல உட்கார்ந்து, மங்கோலிய அரசனுக்காக, பாரசீக வார்த்தை கலந்து தமிழ்ல எழுதியிருக்கார் அந்த மனுஷன். 'தமிழைக் கலக்காமப் பேசு'ன்னு நான் வீட்ல பொண்ணை எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! வெளியூர்ல பிழைக்கப் போனவன் பேச்சுல அந்த ஊர் வார்த்தை வரத்தான் செய்யும். அவங்களுக்கும் வந்திருக்கு. ஆனா அதையும் தமிழ் எழுத்துலயே எழுதி வச்சாங்க பாருங்க, அதனாலதான் எழுநூறு வருஷம் கழிச்சு நான் திக்கித் திக்கியாவது வாசிக்க முடிஞ்சது. நாளைக்கு என் பொண்ணுகிட்ட யாராவது இதே படத்தை நீட்டினா?

திரும்பி வர்ற ரயில்ல அவளே கேட்டா, 'என் பேரை எழுதிக் காட்டுங்கப்பா'ன்னு. கையில இருந்த வழிகாட்டித் தாளோட பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஷியாமென் வர்றதுக்குள்ள இருபது தடவை எழுதிட்டா. ஒரு கொம்பு மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

சிங்கப்பூர் வந்ததும் யானைப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன். தீபாவளிக்கு வராத கோபமெல்லாம் எங்கே போச்சுன்னே தெரியலை. 'நம்ம ஆனைக்காடா! அதெப்படி அங்கே போச்சு?'ன்னாங்க. பொண்ணு போனைப் பிடுங்கிக்கிட்டு அரை மணி நேரம் கதை சொன்னா, பாதி தமிழ், பாதி ஹிந்தி. நான் அதட்டலை.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் எங்க வீட்ல தமிழ் வகுப்பு. நடுவுல பரீட்சை, வேலைன்னு பல வாரம் விட்டுப் போயிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நின்னு போகலை. பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்கு வந்துட்டா. போன லீவுல திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல 'திருவானைக்காவல்'னு போர்டைத் தானா வாசிச்சு, எங்களுக்கு முன்னாடி ஓடிப்போய் ஏறி இடம் பிடிச்சா. ல, ள, ழ-தான் இன்னும் தகராறு.

உங்க வீட்டுப் பிள்ளைங்க எப்படி? யார், எந்த நேரத்துல, எப்படிச் சொல்லித் தர்றீங்கன்னு எழுதுங்களேன். எங்களுக்கும் உபயோகமா இருக்கும்.